பழைய பழக்கத்தை விட்டுவிட்டு 'சன்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட்' ஆடுவது எப்படி?

காட்டுவாசிகளுக்கு நடுவே உயிர்பிழைக்க வேண்டிய 'தி ஃபாரஸ்ட்' என்ற கணினி விளையாட்டில் நூறு மணி நேரத்துக்கு மேல் கழித்துவிட்டு, அதன் இரண்டாம் பாகமான 'சன்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட்' பக்கம் வந்தவன் நான். வந்த முதல் நாளே பழைய கணக்கில் வேலையைத் தொடங்கினேன். கோடாரியை எடுத்துக் கண்ணில் பட்ட மரங்களை எல்லாம் சாய்த்தேன். கையேட்டைத் திறந்து மரவீட்டின் வரைபடத்தைத் தரையில் பதித்தேன். கட்டைகளை இரண்டிரண்டாகத் தோளில் சுமந்து வந்து ஒவ்வொன்றாக அதில் போட்டேன். விளையாட்டுக் கணக்கில் மூன்று நாள் கழிந்த பிறகும் பாதிச் சுவர்தான் எழும்பியிருந்தது. அதுவரை, ஹெலிகாப்டர் விழுந்த இடத்தில் காதில் இரத்தம் வடிய உட்கார்ந்திருந்த என் குழுத் தோழன் கெல்வினை நான் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. காயம்பட்டுக் கிடக்கும் அலங்காரப் பாத்திரம் என்று நினைத்துக் கடந்து போயிருந்தேன். அந்த மூன்று நாள் வேலையை அவன் துணையோடு ஒரே பகலில் முடித்திருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் பாகத்தில் நிலப்பரப்பு பெரிதாகியிருக்கிறது, மரமும் மழையும் பனியும் கண்ணுக்கு இன்னும் நிஜமாகத் தெரிகின்றன என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது முதல் பாகத்தைவிட உண்மையில் முன்னேறியிருப்பது உழைப்பு என்ற ஓர் இடத்தில்தான். முதல் பாகத்தில் மரம் வெட்டுவதும் சுமப்பதும் கட்டுவதும் பயத்துக்கு நடுவே செய்து முடிக்க வேண்டிய கூலி வேலையாக இருந்தன. இரண்டாம் பாகத்தில் அவையே விளையாட்டின் சுவையாக மாறியிருக்கின்றன. பழைய கை பழக்கத்தோடு ஆடுகிறவருக்கு இந்த மாற்றம் கண்ணில் படாமலே போய்விடும். முதல் பாகத்தை ஆடி முடித்தவர்கள் எதையெல்லாம் மறக்க வேண்டும், எதை எந்த வரிசையில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்வதே இந்த வழிகாட்டியின் வேலை.

இரு விளையாட்டுகளையும் உருவாக்கியது கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த எண்ட்நைட் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம். 'தி ஃபாரஸ்ட்' 2014 மே மாதம் ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் ஏர்லி ஆக்சஸ் (முழுமையாகும் முன்பே விற்கப்படும்) வடிவில் வந்து, நான்கு ஆண்டுகள் மெருகேறி, 2018 ஏப்ரல் 30 அன்று முழு வடிவம் பெற்றது. 'சன்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட்' 2023 பிப்ரவரி 23 அன்று அதே போல அரைகுறையாக வெளிவந்து, கிட்டத்தட்ட ஓர் ஆண்டில், 2024 பிப்ரவரி 22 அன்று, 1.0 பதிப்பை எட்டியது. வெளியான 24 மணி நேரத்தில் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாக நிறுவனமே அறிவித்தது. தொடக்க மாதங்களில் ஆடிப் பார்த்துவிட்டு 'கதையே இல்லை' என்று மூடி வைத்தவர்கள் இப்போது புதிதாகத் தொடங்குவது நல்லது. அன்றைக்கு இருந்த வெறுமை பெரும்பாலும் நிரப்பப்பட்டுவிட்டது. கணினியைப் பற்றி ஒரு வரி: குறைந்தபட்சமாக 12 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கிறார்கள். முதல் பாகம் தடங்கல் இல்லாமல் ஓடிய பழைய லேப்டாப்பில் இதுவும் ஓடும் என்று நம்பி வாங்கிவிட வேண்டாம்.

முதல் நாள்

முதல் பாகத்தில் எரிக் லெப்லாங்க் என்ற தந்தை, விமான விபத்தில் தப்பிப் பிழைத்து, கடத்தப்பட்ட தன் மகன் டிம்மியைத் தேடிப் போகிறார். இரண்டாம் பாகத்தில் நீங்கள், காணாமல் போன பஃப்டன் என்ற பெரும் பணக்காரரின் குடும்பத்தைத் தேடித் தீவுக்கு அனுப்பப்பட்ட குழுவில் ஒருவர். இந்த வேறுபாட்டை வெறும் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னதில் நீங்கள் ஒன்றும் இல்லாமல் விழுந்த பயணி. விமானப் பணிப்பெண்ணின் உடலில் பாய்ந்திருந்த கோடாரியைப் பிடுங்கித்தான் வாழ்க்கையைத் தொடங்கினீர்கள். பின்னதில் நீங்கள் ஆயத்தமாக வந்தவர். கையில் கோடாரியும் தார்ப்பாயும் ஜிபிஎஸ் கருவியும் இருக்கின்றன. அந்த வசதிகளைத் தொடக்கத்திலேயே பயன்படுத்தச் சொல்லித்தான் விளையாட்டே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே முதல் இரவுக்கு வீடு கட்ட முயலாதீர்கள். தார்ப்பாயைத் தரையில் விரித்து, அதன் ஒரு முனையைத் தூக்கி ஒரு குச்சியை முட்டுக் கொடுத்தால் போதும். தூங்கவும் விளையாட்டைச் சேவ் செய்யவும் இடம் தயார். தீ மூட்டுவதற்கும் வரைபடம் எதுவும் தேவையில்லை. ஒரு குச்சியை ஒடித்துத் தரையில் போட்டு, மேலே இன்னொன்றை வைத்து, லைட்டரைக் காட்டினால் பற்றிக்கொள்ளும். முதல் பாகத்துக்காரர் இதை நம்பாமல் கையேட்டின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருப்பார். நானும் அப்படித்தான் புரட்டினேன். கையில் இருக்கும் பொருளைத் தரையை நோக்கிப் பிடித்தால் அதை வைத்து என்ன செய்யலாம் என்று திரையே கோடு வரைந்து காட்டும் என்பதை மனதில் பதித்துக்கொண்டால், இந்த விளையாட்டின் பாதி இலக்கணம் கைவந்துவிடும்.

விபத்து நடக்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை. கடற்கரையிலோ காட்டிலோ பனிமலையிலோ விழலாம். பனிமலையில் விழுந்தால், அங்கேயே குடியேறிவிடும் வீரத்தைக் காட்டாமல், பகல் வெளிச்சம் இருக்கும்போதே கீழே இறங்கி நன்னீர் ஓடும் இடத்துக்குப் போய்விடுங்கள். ஓடை நீரை இரண்டாம் பாகத்தில் அப்படியே குடிக்கலாம். முதல் பாகத்தில் குளத்து நீரைக் காய்ச்சாமல் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட நினைவில், பானையைத் தேடி அலைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மரத்தோடு பேசுதல்

முதல் பாகத்தில் கட்டுமானம் என்பது கணக்குப் பிள்ளையின் வேலை. கையேட்டில் ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்; அதன் நிழலுருவம் தரையில் விழுகிறது; கட்டைகளைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட எண்ணிக்கை குறைகிறது. 'லாக் கேபின்' என்ற கட்டை வீட்டுக்கு 82 கட்டை என்றால் 82 கட்டையும் போட்டாக வேண்டும்; கடைசிக் கட்டை விழும் வரை அது வீடாவதில்லை. எப்படிக் கட்ட வேண்டும் என்ற கேள்வியே அங்கு எழவில்லை. எத்தனை சுமக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

இரண்டாம் பாகத்திலும் அந்தக் கையேடும் வரைபடங்களும் இருக்கின்றன. ஆனால் முதல் ஒரு வாரத்துக்கு அதை மூடி வையுங்கள் என்பது என் அறிவுரை. வெட்டிய கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தரையைப் பாருங்கள். படுக்கையாக வைக்கலாம், நட்டு நிறுத்தலாம் என்று இரு வழிகளும் தெரியும். ஒரு கட்டையின் நீள இடைவெளியில் இரண்டு தூண்களை நட்டு, அவற்றின் தலைமேல் ஒரு கட்டையை உத்தரமாகப் போடுங்கள். கீழ் இடைவெளியில் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சுவர் எழும்பிவிடும். இப்போது கோடாரியை எடுத்துக்கொண்டு சுவரின் ஒரு கட்டையை உற்றுப் பாருங்கள். சிவப்புப் புள்ளிக்கோடு ஒன்று தெரியும். கோடாரி அங்குதான் விழும் என்பதற்கு அது அடையாளம். அந்தக் கோட்டின் மேல் வெட்டினால் கட்டை துண்டாகி விழுந்து, அந்த இடத்தில் சன்னல் பிறக்கிறது. அடுத்தடுத்த கட்டைகளையும் அதே நேர்கோட்டில் வெட்டிக்கொண்டே போனால் வாசல் கிடைக்கிறது.

இதே சிவப்புக்கோடு கட்டையின் குறுக்கே விழுந்தால் அரை, கால் என்று துண்டுகள் கிடைக்கும். நீளவாக்கில் விழுந்தால் கட்டை பிளந்து பலகையாகும். பலகைகளைத் தளத்துக்கும் கதவுக்கும் பயன்படுத்தலாம். வாசலில் பலகைகளைப் பொருத்திக் கதவு செய்த பிறகு, உள்ளே நின்றுகொண்டு அதன் குறுக்கே ஒரே ஒரு குச்சியை வைத்துப் பாருங்கள், அதுதான் தாழ்ப்பாள். மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், வெளியே யாரோ நடக்கும் ஓசை கேட்டு, கையில் வேறொன்றும் இல்லாமல் தற்செயலாக அந்தக் குச்சியைக் கதவில் வைத்தபோது 'இது தாழ்ப்பாளாகிவிட்டதே' என்று எனக்கு ஏற்பட்ட வியப்பை முதல் பாகத்தின் நூறு மணி நேரத்தில் ஒருமுறைகூட நான் உணர்ந்ததில்லை. அந்தக் குச்சியைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. கதவு இருக்கிறது, குச்சி இருக்கிறது, மனித மூளை மீதியைச் செய்துகொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

வேலியும் அப்படித்தான். கட்டைகளை நெருக்கமாக நட்டு வரிசையாக நிறுத்திவிட்டால் மதில் தயார் என்று பழைய பழக்கம் சொல்லும். இங்கு காட்டுவாசிகள் தாவவும் ஏறவும் தெரிந்தவர்கள். ஆகவே நட்ட கட்டை ஒவ்வொன்றின் தலையிலும் கோடாரியால் வெட்டிக் கூராகச் சீவிவிட வேண்டும்; அப்போதுதான் அது ஏற முடியாத வேலியாகும். சீவும் வேலைக்குப் புதிய பொருள் எதுவும் தேவையில்லை, நேரம் மட்டும் தேவை. அதைச் செய்யாமல் விட்டவர் மறுநாள் காலையில் தம் முற்றத்தில் விருந்தாளிகளைச் சந்திப்பார்.

கூரை போடும்போது அவசரப்படாதீர்கள். உத்தரங்களை முதலில் நான்கு பக்கமும் முடித்துக்கொண்டு, உச்சிக்கு ஒரு கட்டையைத் தாங்கும் உயரமான தூண்களை நடுவில் எழுப்பிய பிறகு, சாய்வுக் கட்டைகளை வைக்கத் தொடங்குங்கள். நான் முதலில் கட்டிய வீட்டில் உச்சித் தூணை மறந்துவிட்டுத் தட்டையான தளத்தைப் போட்டு, பிறகு பாதிச் சுவரைப் பிரிக்க வேண்டியதாயிற்று. பிரிப்பதும் இங்கு எளிது என்பது ஆறுதல்: வைத்த கட்டையை அப்படியே திரும்ப எடுத்து வேறிடத்தில் வைக்கலாம், கட்டை வீணாவதில்லை. தவறு செய்தால் பெரிய தண்டனை இல்லை என்பதால்தான் கட்டுகிறவருக்குப் புதிதாக ஒன்றை முயன்று பார்க்கும் துணிச்சல் வருகிறது. பின்னர் வந்த மேம்படுத்தல்களில் கல்லால் கட்டும் வழியும் சேர்ந்திருக்கிறது. சூரியத்தகட்டைக் கூரையில் பொருத்தி, கம்பி இழுத்து, பல்பு எரியவிடவும் முடியும். அவையெல்லாம் வீடு நின்ற பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய அழகுகள்.

கெல்வினிடம் வேலை வாங்குதல்

கெல்வினுக்கு விபத்தில் காது கேட்காமல் போய்விட்டது, பேசவும் மாட்டான். அவன் அருகில் சென்று அழைத்தால் உங்கள் கையில் ஒரு குறிப்பேடு வரும். அதில் உள்ள சொற்களைத் தேர்ந்தெடுத்து எழுதிக் காட்டினால் செய்வான். கட்டளைப் பட்டியலைத் திரையில் வைக்க ஒரு காரணத்தைக் கதைக்குள்ளேயே கண்டுபிடித்திருப்பது புத்திசாலித்தனம். முதல் பாகத்தில் தனியாக ஆடுகிறவருக்கு உதவிக்கென்று ஒரு கைகூட இல்லை. நண்பர்கள் சேர்ந்து ஆடினால் மட்டுமே வேலை பகிர்ந்துகொள்ளப்பட்டது. இரண்டாம் பாகம் தனியாக ஆடுகிறவரின் அந்தக் குறையைத் தீர்த்திருக்கிறது.

அவனை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 'கட்டை கொண்டுவந்து என்னிடம் கொடு' என்று எழுதிக் காட்டினால் அவன் ஒவ்வொரு முறையும் உங்களைத் தேடி அலைவான். நீங்கள் குகைக்குள் போய்விட்டால் அந்த வேலை கெட்டுவிடும். அதற்குப் பதிலாக, வீடு கட்டும் இடத்தருகே கட்டைகளை அடுக்கி வைக்கும் தாங்கி ஒன்றைக் கையேட்டிலிருந்து முதலில் செய்துவிட்டு, அதை நிரப்பச் சொல்லுங்கள். அவன் மரம் வெட்டி, சுமந்து வந்து, தாங்கி நிறையும் வரை தன்பாட்டில் வேலை செய்துகொண்டிருப்பான். அந்த நேரத்தில் நீங்கள் சுவர் எழுப்பலாம், உணவு தேடலாம். குச்சி, கல், மீன் ஆகியவற்றுக்கும் இப்படியே சொல்லலாம். மீன் பிடிக்க அனுப்புவது குறிப்பாக லாபகரமானது. நாம் ஈட்டியோடு ஓடையில் தடுமாறும் நேரத்தில் அவன் கையால் பிடித்துக் கொண்டுவந்துவிடுகிறான். நீங்கள் பாதியில் விட்ட வரைபடக் கட்டடம் ஒன்று நின்றுகொண்டிருந்தால் அதை முடிக்கச் சொல்லவும் வழி உண்டு. வீட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குப் புதரும் மரமும் அகற்றச் சொல்லலாம். ஆனால் அந்தக் கட்டளையை எழுதும் முன்பு, நிழலுக்கென்றோ மறைவுக்கென்றோ நீங்கள் விட்டுவைக்க நினைத்த மரங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கெல்வின் சண்டை போட மாட்டான். எதிரி வந்தால் ஓடுவான், ஒடுங்குவான், அடிபட்டு விழுவான். விழுந்தவனை அருகில் போய்த் தூக்கிவிட்டால் எழுந்துவிடுவான். தூக்காமல் விட்டால் அவனை இழக்க நேரலாம். ஆகவே காட்டுவாசிகளின் குடியிருப்புக்கு அருகில் அவனைக் கட்டை வெட்ட அனுப்பாதீர்கள், குகைக்கு அழைத்துப் போகாதீர்கள். களைப்படைந்தவனுக்கு ஓய்வு கொடுங்கள். அதற்கென்று ஒரு கட்டளையே இருக்கிறது. தீ மூட்டியிருக்கும்போது அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வதைப் பார்த்தால், இவ்வளவு வேலை வாங்கிய குற்ற உணர்ச்சி ஒரு கணம் தட்டத்தான் செய்கிறது.

வர்ஜீனியா

சில நாட்களில் மூன்று கால்களும் மூன்று கைகளும் கொண்ட ஒரு பெண் மரங்களுக்கிடையே எட்டிப் பார்ப்பாள். முதல் பாகத்தில் 'வர்ஜீனியா' என்ற பெயர் பல கால்களோடு பாய்ந்து வரும் ஒரு பயங்கர உருவத்துக்கு உரியது. ஆகவே பழையவர்களின் கை தானாக அம்பை எடுத்துவிடும். எடுக்கக் கூடாது. இவள் காணாமல் போன பஃப்டன் குடும்பத்தின் மகள். கையில் இருக்கும் ஆயுதத்தை உள்ளே வைத்துவிட்டு, அவள் பக்கம் ஓடாமல், அவளாக நெருங்கி வரும் வரை உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். பல நாட்களில் பழகிவிடுவாள். பழகிய பிறகு கைத்துப்பாக்கியும் ஷாட்கன்னும் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ள அவளுக்குக் கைகள் போதுமே! கூடவே ஒரு ஜிபிஎஸ் இருப்பிடங்காட்டியையும் கொடுத்துவிட்டால் அவள் எங்கே உலவுகிறாள் என்பது உங்கள் வரைபடத்தில் தெரியும். கெல்வின் வேலைக்காரன் என்றால் இவள் காவல்காரி. அவள் சண்டை போடும்போது குறுக்கே ஓடி அவளை அடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் பொறுப்பு.

வரைபடமும் குகைகளும்

முதல் பாகத்தில் வரைபடத்தையும் திசைகாட்டியையும் குகைக்குள் போய்த் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அதுவரை கடற்கரையையும் சூரியனையும் பார்த்துத்தான் வழி நடந்தோம். இரண்டாம் பாகத்தில் ஜிபிஎஸ் முதல் நிமிடத்திலிருந்தே கையில் இருக்கிறது. குகை வாய்களும் முக்கிய இடங்களும் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. இதனால் தொலைந்துபோகும் பயம் குறைந்துவிட்டது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. நானும் ஓரளவு அவர்கள் கட்சிதான். ஆனால் இத்தனை பெரிய தீவில் வரைபடம் இல்லாமல் விட்டிருந்தால் பயத்தைவிட நடைதான் மிஞ்சியிருக்கும்.

குறிகள் இருக்கின்றன என்பதற்காக அருகில் உள்ளதில் தொடங்கக் கூடாது. சரியான வரிசை இதுதான்: நீருக்கடியில் மூச்சுவிட உதவும் ரீப்ரீதர் இருக்கும் கடற்கரைக் குகை, கயிற்றுத் துப்பாக்கி இருக்கும் குகை ஆகிய இரண்டையும் முன்பின்னாக எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள், இரண்டும் கையில் இருந்தால் மட்டுமே மண்வெட்டி இருக்கும் மூன்றாவது குகையைக் கடக்க முடியும். ரீப்ரீதர் குகையின் வாசலில் கடலுக்குள் சுறாக்கள் திரியும், கரையோரமாகவே போங்கள். மண்வெட்டி கிடைத்த பிறகுதான் கதை உண்மையில் திறக்கிறது. மண்ணுக்கடியில் மூடிக்கிடக்கும் பங்கர்கள் என்ற நிலவறைகளைத் தோண்டித் திறப்பதற்கும், அங்கிருந்து அடுத்தடுத்த கதவுகளுக்கான சாவி அட்டைகளை எடுப்பதற்கும் அது வேண்டும். தொடக்கத்திலேயே வரைபடத்தில் மினுக்கும் குழுவினரின் குறிகளில் ஒன்று ஒரு கல்லறை. மண்வெட்டி இல்லாமல் அங்கு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும், மண்வெட்டியோடு போனால் ஷாட்கன் கிடைக்கும்.

கயிற்றுத் துப்பாக்கியைக் குகைக்கான சாவி என்று மட்டும் எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அதைச் சுட்டு ஜிப்லைன் என்ற சரிவுக் கயிற்றுப்பாதை கட்டினால், நீங்கள் சறுக்கி இறங்குவதோடு கட்டைகளையும் அதில் அனுப்பலாம். முதல் பாகத்தில் கட்டை வண்டியைக் கற்களுக்கும் புதர்களுக்கும் இடையே இழுத்து இழுத்து நொந்தவர்களுக்கு, மலைச்சரிவிலிருந்து கட்டைகள் தாமாகவே வீட்டு வாசலுக்கு இறங்கி வரும் காட்சி ஒரு சிறு பழிவாங்கல் போல இனிக்கும். பங்கர்களில் உள்ள 3டி பிரிண்டரையும் கவனியுங்கள். அச்சிடுவதற்கான மூலப்பொருளான ரெசின் டப்பாக்களை வழியில் கண்ட இடத்திலெல்லாம் எடுத்துச் சேர்த்தால் அம்பு, தண்ணீர்க் குப்பி, பனியில் சறுக்கும் பலகை ஆகியவற்றை அச்சிட்டுக்கொள்ளலாம். குப்பியை முதலில் அச்சிடுங்கள். நீளமான குகைகளில் தாகத்துக்காகத் திரும்பி ஓட வேண்டியிருக்காது.

குளிர்காலம்

முதல் பாகத்தில் பனி என்பது நிலப்பரப்பின் ஒரு மூலை; வேண்டாமென்றால் அங்கு போகாமல் இருக்கலாம். இரண்டாம் பாகத்தில் பனி உங்களைத் தேடி வருகிறது. பருவங்கள் மாறுகின்றன, குளிர்காலத்தில் நீர்நிலைகள் உறைந்து மீன் கிடைக்காமல் போகிறது, செடிகளில் பழம் இருப்பதில்லை. கோடையிலும் இலையுதிர்காலத்திலும் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உண்டு பழகியவர் இங்கு மாட்டிக்கொள்வார். இலைகள் பழுக்கத் தொடங்கியதும் காய வைக்கும் பந்தல் இரண்டையாவது வீட்டுக்குள்ளோ வேலிக்குள்ளோ அமைத்து, மீனையும் இறைச்சியையும் உலர்த்தித் தொங்கவிட்டுவிடுங்கள், உலர்ந்தது கெடுவதில்லை. டப்பா உணவுகளைக் கோடையிலேயே தின்று தீர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். நம் வீடுகளில் வெயில் காலத்தில் வற்றலும் வடகமும் போட்டு மழைக்காலத்துக்குச் சேர்த்து வைப்பார்களே, அதே கணக்குதான். தீயருகே இருந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு கிளம்புவதும், நனைந்த உடம்போடு பனியில் நடக்காமல் இருப்பதும் மீதிப் பாதுகாப்பு.

எதிரிகள்

எதிரிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தெரியாமல் சந்திப்பதில்தான் சுவை. பழக்கம் பற்றி மட்டும் ஒன்று: முதல் நாட்களில் வேலிக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டுப் போகும் காட்டுவாசிகளை ஓடிப்போய் அடிக்க வேண்டாம். நீங்கள் அசையாமல் நின்றாலோ மெதுவாகப் பின்வாங்கினாலோ பல நேரம் அவர்களும் ஒதுங்கிவிடுவார்கள். நாள் செல்லச் செல்ல வலியவர்கள் வரத் தொடங்குவார்கள். அதற்குள் வேலியின் தலைகளைச் சீவி முடித்திருக்க வேண்டும். சண்டையில் கேடயம் உங்கள் உடற்கவசம்தான். இலை, தோல், எலும்பு என்று கிடைப்பதை எல்லாம் அணிந்துகொண்டு கிளம்புங்கள். குகைகளின் ஆழத்தில் எதிர்ப்படும் சில உருவங்களுக்குத் துப்பாக்கியைவிடச் சிலுவை ஒன்று நன்றாக வேலை செய்யும் என்பதை மட்டும் ஜாடையாகச் சொல்லி வைக்கிறேன்.

முதல் பாகமே மேல் என்று சொல்லத்தக்கவை

எல்லாவற்றிலும் இரண்டாம் பாகம் விஞ்சிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். மகனைத் தேடும் தந்தையின் ஏக்கம் 'தி ஃபாரஸ்ட்' முழுவதும் ஓர் அடிநாதமாக ஒலித்துக்கொண்டிருந்தது. குகைச் சுவரில் ஒட்டிய குழந்தைக் கிறுக்கல் ஒன்றைக் கண்டால் வயிற்றைப் பிசைந்தது. பஃப்டன் குடும்பத்தின் கதிக்கு அந்தக் கனம் இல்லை. கதை மின்னஞ்சல்களிலும் தாள்களிலும் சிதறிக் கிடக்கிறது. தேடிப் படிக்காதவருக்கு முடிவு திடீரென்று வந்து விழுந்ததாகவே தோன்றும். ஆகவே பங்கர்களில் மேசைமேல் கிடக்கும் தாள்களைக் கடந்து போகாமல் எடுத்துப் படியுங்கள். பயமும் சற்றுக் குறைவுதான். கையில் துப்பாக்கி, பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருத்தி, கையில் வரைபடம் என்று இருக்கும்போது இருட்டின் பலம் பாதியாகிவிடுகிறது. அந்தப் பழைய நடுக்கம் வேண்டுமென்பவர்கள் 'ஹார்ட் சர்வைவல்' என்ற கடின நிலையைத் தேர்ந்தெடுத்து, ஜிபிஎஸ்ஸை ஒரு நாளுக்கு ஒருமுறை மட்டும் திறப்பது என்று தமக்குத் தாமே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவது முறை ஆடியபோது அப்படித்தான் ஆடினேன், பனிமலையில் இருட்டிய பிறகு வீட்டைத் தேடி அலைந்த ஓர் இரவில் அந்த விதியைப் பலமுறை நொந்துகொண்டேன்.

நண்பர்களோடு ஆடப்போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. எட்டுப் பேர் வரை சேரலாம். ஆனால் நான்கு பேருக்கு மேல் சேர்ந்தால் உழைப்பின் சுவை போய், ஒரே மாலையில் கோட்டை எழும்பி, பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போகும். இரண்டு பேர் அளவானது. ஒருவர் கெல்வினோடு கட்டட வேலையைப் பார்க்கட்டும், மற்றவர் உணவும் குகைப் பொருளும் கொண்டுவரட்டும். வீட்டின் உச்சித் தூணை எங்கே நடுவது என்பதை மட்டும் தொடங்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.